படிப்பகத்தில் கைப்பேசி: சுங்கை சிப்புட் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் தோட்டச் சாலையில், ஒரு காலத்தில் ஆயாக் கொட்டாயாக இருந்த பலகைக் கட்டடத்தில் எங்கள் படிப்பகம் இருக்கிறது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவப் போன அம்மாக்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை விட்டுப் போன இடம் அது. தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் இன்னும் இருக்கின்றன. சுமார் 2,000 புத்தகங்கள், மூன்று மேசைகள், இரண்டு பழைய டேப்லெட்டுகள், ஒரு ஸ்கேனர். இவ்வளவுதான் எங்கள் சொத்து. நான் தமிழ்ப்பள்ளியில் வள மையப் பொறுப்பாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கோவில் வாசலிலும் பசார் மாலாமிலும் (இரவுச் சந்தையிலும்) புலனத்திலும் (அதாவது வாட்ஸ்அப்பில்) பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நூலகத்துக்கு எதற்குப் புலனமும் முகநூலும்? புத்தகம் போதாதா?

எடுக்க ஆள் வந்தால் போதும். ஆள் வர வேண்டுமே!

ஒரு சம்பவம் சொல்கிறேன். பறவைகளைப் பற்றிய நல்ல படநூல் ஒன்று நான்கு வருடம் எங்கள் அலமாரியில் யாரும் தொடாமல் கிடந்தது. ஒருநாள் அதில் இருவாச்சிப் பறவை உள்ள பக்கத்தைப் படம் பிடித்து, “இந்தப் பறவையை நம் பக்கத்தில் யார் பார்த்திருக்கிறீர்கள்?” என்று ஒரு வரி எழுதிப் புலனத்தில் போட்டேன். இரவு பத்து மணிக்குள் பதினேழு பதில் வந்துவிட்டது. லோரி ஓட்டும் ஓர் அப்பா, கிரிக் சாலையில் ஜோடியாகப் பறந்ததைப் பார்த்தேன் என்று குரல்பதிவு அனுப்பினார். பின்னணியில் லோரிச் சத்தம். மறுநாள் அவர் மகன் வந்து அந்த நூலை எடுத்துப் போனான். அதன் பிறகு ஆறு வாரம் அது அலமாரிக்குத் திரும்பவே இல்லை, கை மாறிக்கொண்டே இருந்தது.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931 இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் எங்கே இருக்கிறாரோ அங்கே நூலைப் பற்றிய சேதி போய்ச் சேர வேண்டும். எங்கள் ஊரில் அவர் புலனத்தில் இருக்கிறார்.

இதை நான் கற்றுக்கொண்டது 2020 இல்தான். மார்ச் 18 ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் கதவைப் பூட்டிவிட்டோம். அன்றிலிருந்து தினமும் இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடக் கதை வாசித்துக் குரல்பதிவாக அனுப்பினேன். பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் பாட்டிமார்கள் என்று பின்னால் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் ஒரு நூலகமாக இருந்திருக்கிறது.

புலனம், முகநூல், டிக்டாக், வலையொளி (யூடியூப்) என்று இத்தனை இருக்கின்றனவே, எதில் தொடங்குவது?

புலனத்தில் தொடங்குங்கள். வேறு எதையும் யாரும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் எந்த வடிவத்தில் என்பதை யோசித்துச் செய்யுங்கள். சாதாரணக் குழுவில் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பெண்கள் பலருக்கு அது தொந்தரவு. காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே நூல் அறிவிப்பும் காணாமல் போகும். ஒலிபரப்புப் பட்டியல் வைத்தால் 256 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போகும். 2023 இல் வந்த சேனல் வசதியில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, எத்தனை பேர் வேண்டுமானாலும் சேரலாம். நாங்கள் அறிவிப்புக்குச் சேனல், பேச்சுக்குச் சிறு குழு என்று பிரித்துக்கொண்டோம். வாரத்துக்கு இரண்டு பதிவுதான். தினமும் போட்டால் மக்கள் சத்தத்தை அடைத்துவிடுவார்கள்.

முகநூலின் பயன் வேறு. இந்தத் தோட்டங்களில் பிறந்து கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் அங்கே இருக்கிறார்கள். காலையில் தொழிலாளர்களைப் பேர் கூப்பிடும் பழைய பெரட்டுக்களத்தின் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், முப்பது வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பேர் அதன் கீழே பேசிக்கொள்வார்கள். நூல் வாங்கப் பணம் அனுப்புபவர்களும் பெரும்பாலும் அவர்களே.

டிக்டாக்கில் எங்கள் கணக்கு இல்லை. இளைஞர் கைகொடுத்தால் செய்யலாம், தவறில்லை. எனக்கு அதற்கு நேரம் போதவில்லை.

படிப்பகத்தில் என் பிள்ளையைப் படம் எடுத்துப் போடுகிறீர்களா?

உங்கள் கையெழுத்து இல்லாமல் போடுவதில்லை. கையெழுத்து இருந்தாலும் முகத்தைப் போடுவதை நாங்கள் விட்டுவிட்டோம். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கைகள், மேசையில் குனிந்த தலைகளின் பின்புறம், அவர்கள் வரைந்த படம் — பார்ப்பவர்களுக்கு இது போதும். பெயர், பள்ளிச் சின்னம், எந்த நாள் எத்தனை மணிக்கு எந்தப் பிள்ளை வரும் என்ற விவரம், இவை எதுவும் வெளியே போகாது. படத்தை அன்று மாலை போடாமல் இரண்டு நாள் கழித்தே போடுகிறோம்.

பிள்ளைகள் சொந்தக் கணக்கு வைக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். முகநூல், இன்ஸ்டாகிராம், டிக்டாக் எல்லாமே தம் விதிப்படி 13 வயது கேட்கின்றன. 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைப்பதைத் தடுக்கப்போவதாக நம் அரசு 2025 இல் அறிவித்தது. ஆகவே ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்குக் கணக்குத் திறந்து கொடுங்கள் என்று யார் வந்து கேட்டாலும் நாங்கள் செய்வதில்லை. பிள்ளைக்கு யாராவது தப்பான படமோ செய்தியோ அனுப்பினால் அழிக்காமல் வைத்துக்கொண்டு அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழையுங்கள். தனியாக அழைக்கத் தயக்கமாக இருந்தால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து அழைப்போம்.

வீட்டில் கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான். படிப்பகத்திலும் நீங்களே டேப்லெட் கொடுத்தால் எப்படி, டீச்சர்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கும் மனசு உறுத்தும். சரி, நாங்கள் செய்வதைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏழு வயதுக்குக் கீழே டேப்லெட் கிடையாது. அவர்களுக்குப் பாய், படக்கதை, மடி. பெரிய பிள்ளைகளுக்கு மூன்று பேருக்கு ஒன்று. தனியாக ஒருவன் கையில் போகவே போகாது. ஒருவன் பிடிக்க, ஒருத்தி சத்தமாகப் படிக்க, மூன்றாவது ஆள் தாளில் எழுத வேண்டும். இருபது நிமிடம். மணல் கடிகாரம் வைத்திருக்கிறேன், கைப்பேசி அலாரத்தைவிடப் பிள்ளைகள் அதற்குக் கட்டுப்படுகிறார்கள். மணல் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிகிறதல்லவா?

எந்தப் புதுக் கருவி வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இது பிள்ளையை இன்னொரு மனிதரோடு பேச வைக்கிறதா, ஒரு புத்தகத்தைத் திறக்க வைக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அது படிப்பகத்துக்கு வேண்டாம்.

வீட்டுப்பாடத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுகிறார்கள். தடுக்கலாமா, விடலாமா?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. அடுத்த ஆண்டே அந்த வகைச் செயலிகளின் பதில்கள் எங்கள் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி ‘என் பாட்டியின் தோட்ட வாழ்க்கை’ என்ற கட்டுரையைக் கொண்டுவந்தாள். ஒரு பிழை கிடையாது. இரண்டாவது பத்தியில் இப்படி இருந்தது: “அதிகாலைப் பனிமூட்டத்தில் என் பாட்டி முதுகில் கூடையைச் சுமந்து தேயிலைக் கொழுந்து பறிக்கச் செல்வார்.” அவள் பாட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். கேமரன் மலைக்குச் சுற்றுலாகூடப் போனதில்லை. நாற்பது வருடம் கித்தா (ரப்பர்) மரம் சீவியவர்.

நான் கட்டுரையைத் திட்டவில்லை. “பாட்டி கோவிலில்தானே இருக்கிறார், போய் இதை வாசித்துக் காட்டிட்டு வா” என்றேன். அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள்: “பாட்டி நாலு மணிக்கு எழுவார். பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். மழை பெய்தால் பால் இல்லை. பால் இல்லையென்றால் சம்பளம் இல்லை. ஒட்டுப்பால் வாசம் கல்யாணத்தன்றுகூடக் கையை விட்டுப் போகவில்லை.” அதில் மூன்று எழுத்துப்பிழை இருந்தது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

செயலி ஏன் தேயிலைக்குப் போனது? அது ஊரைப் பார்த்து எழுதுவதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு அடுக்குகிறது. தமிழில் ‘தோட்டம்’, ‘தொழிலாளர்’, ‘பாட்டி’ ஒன்றாக வரும் எழுத்துகளில் இலங்கை மலையகமும் நீலகிரியும் நிறைய. மலாயாக் கித்தாத் தோட்டத்தைப் பற்றி இணையத்தில் இருப்பது கொஞ்சம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் எழுத்தே மொத்தத்தில் குறைவு. ஆகவே தமிழில் கேட்கும்போது பதில் சரளமாக இருக்கும், விவரம் மட்டும் வழி தவறிப் போகும். சரளமாக இருப்பதாலேயே பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

நூல் பட்டியல் கேட்டால் இன்னும் மோசம். ஓர் ஆசிரியை ஆறு நூல் பெயர்களோடு வந்தார், ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் கச்சிதமாக எழுதி. தேடித் தேடிப் பார்த்தோம். நான்கு நூல்கள் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. அப்படி ஒரு நூல் எழுதப்படவே இல்லை.

ஆகவே எங்கள் வழக்கம் இது. எழுதித் தரச் சொல்லக் கூடாது. கேள்வி கேட்கச் சொல்லலாம். “நான் இந்தக் கதையைப் படித்துவிட்டேன், என்னிடம் ஐந்து கேள்வி கேள்” என்று பிள்ளை சொன்னால் அது சலிக்காமல் கேட்கும். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்கு முன் புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கடினமான மலாய்ப் பத்தியை எளிமையாக்கிக் காட்ட நன்றாக உதவுகிறது. கணக்கில் ஒரு படி புரியவில்லையென்றால் வேறு உதாரணம் தரும். ஆனால் பெயர், ஆண்டு, ஊர், நூல் என்று எது வந்தாலும் புத்தகத்திலோ ஒரு பெரியவரிடமோ சரிபார்க்காமல் எழுதக் கூடாது. பள்ளிகளில் நடக்கும் நீலாம் வாசிப்புப் பதிவில் செயலி எழுதிய சுருக்கத்தை ஒட்டிவிட்டு, படித்ததாகக் காட்டும் பழக்கமும் பரவுகிறது. அதைக் கண்டுபிடிக்கக் கருவி தேவையில்லை. “அந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடிக்கவில்லை?” என்று கேளுங்கள். படித்த பிள்ளை உடனே சொல்லிவிடும்.

இணையத்தில் தமிழ் நூல்களை இலவசமாகப் படிக்க முடியுமா? சட்டப்படி சரியா?

நிறைய முடியும். மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து பழந்தமிழ் இலக்கியங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005 இல் தொடங்கிய நூலகம் தளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2001 இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்றிருக்கும் நிறுவனத்தின் மின்னூலகம் பெரியது. சிறு பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கியது. தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இருக்கும், அச்சிட்டுக் கொடுக்கவும் மொழிபெயர்க்கவும் அவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களைப் புரட்டலாம். மலாயாத் தோட்டச் செய்திகள் அதில் ஏராளம். நம் தேசிய நூலகமும் உறுப்பினருக்கு மின்னூல் இரவல் தருகிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை அவர் குடும்பத்துக்கு. ஆகவே பாரதியாரைப் பரப்பலாம். நம் ஊரில் இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நூலைப் பிடிஎஃப் ஆக்கிப் புலனத்தில் அனுப்பக் கூடாது. இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். மலேசியத் தமிழ் எழுத்தாளர் சொந்தக் காசைப் போட்டுச் சில நூறு பிரதி அச்சடித்து, காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்கிறார். இருபத்தைந்து வெள்ளி நூலை நீங்கள் ஒருவருக்கு அனுப்பினால் அது இரவோடிரவாக முந்நூறு பேருக்குப் போய்விடும். அடுத்த நூலுக்கு அவரிடம் காசு இருக்காது.

எங்கள் பாட்டியின் கதை, பழைய தோட்டப் படங்கள், இவற்றை இணையத்தில் ஏற்றலாமா? எப்படி?

ஏற்றுங்கள், ஏற்றுங்கள், தயவுசெய்து ஏற்றுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சுங்கை சிப்புட் என்று தேடிப் பாருங்கள். 1948 ஜூன் 16 ஆம் தேதி இந்த வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்ததும் பக்கம் பக்கமாக வரும். அன்று அதே தோட்டங்களில் இருந்த நம் ஆட்களைப் பற்றித் தேடுங்கள். லயங்களை (தொழிலாளர் வீட்டு வரிசைகளை) சுற்றி முள்வேலி போட்டது, அரிசிக்குக் கணக்கு வைத்தது, இருட்டிய பிறகு வெளியே தலைகாட்ட முடியாமல் கிடந்தது, இவற்றை ஒரு தமிழ்க் குரலில் கேட்க முடிகிறதா பாருங்கள். அந்த வேலிக்குள் சிறுமியாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. 1924 இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019 ஜனவரியோடு நின்றுவிட்டது. வீட்டுப் பரணில் உள்ள பழைய இதழ்களைக் கரையான் தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மேலே சொன்ன தேயிலைக் கட்டுரைக்கும் இதுதான் காரணம். நாம் ஏற்றாததை எந்தச் செயலியாலும் கற்றுக்கொள்ள முடியாது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

“உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் எந்தப் பாட்டியும் “என்னத்தைச் சொல்ல” என்றுதான் சொல்வார். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். நாங்கள் ரப்பர்ப்பால் பிடிக்கும் பழைய மங்கு (கிண்ணம்) ஒன்றை வைத்திருக்கிறோம். அதைக் கையில் வாங்கிய ஒரு பாட்டி ஒரு நிமிடம் பேசவில்லை. கட்டைவிரலால் உள்விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வழித்தார், ஒட்டியிருக்கும் பாலை எடுப்பதுபோல. அப்புறம் நாற்பது நிமிடம் நிற்காமல் பேசினார்.

கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். கைப்பேசி அவர் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் துண்டின்மேல் இருக்கட்டும், வெறும் மேசையில் வைத்தால் தட்டுகிற ஓசையெல்லாம் பதிவாகும். தொடங்கும்போதே பெயர், தேதி, தோட்டத்தின் பெயர் மூன்றையும் சத்தமாகச் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் அதை அவருக்குப் போட்டுக் காட்டி, எதை ஊருக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேளுங்கள். சொல்லக் கூடாது என்றதை அங்கேயே வெட்டிவிடுங்கள்.

எழுத்தாக மாற்றக் குரல்வழித் தட்டச்சு உதவும். கைப்பேசி அமைப்பில் மலேசியத் தமிழைத் தேர்ந்தெடுக்கவே முடியும். அப்படியும் தோட்டத்துப் பேச்சு அதற்குச் சுலபமில்லை. ‘கித்தா’ எங்களுக்குப் பலமுறை ‘கீதா’ ஆகியிருக்கிறது. ஒரு பதிவில் கீதாவை நூற்றுக்கணக்கானோர் தினமும் சீவிக்கொண்டிருந்தார்கள்! ஆகவே கேட்டுக் கேட்டுத் திருத்த ஓர் ஆள் வேண்டும். இதற்கு இடைநிலைப்பள்ளி மாணவர்கள் மிகப் பொருத்தம். திருத்தும் சாக்கில் முழுக் கதையையும் மூன்று தடவை கேட்டுவிடுகிறார்கள்.

படங்களை 300 டிபிஐக்குக் (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் அளவு) குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், சிறிய படமென்றால் 600. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், முகம் பிய்ந்து வந்துவிடும். பக்கத்தோடு வைத்து அப்படியே எடுக்கலாம். பின்புறம் எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள், படத்தைவிடச் சில சமயம் அது முக்கியம். மூன்று பிரதி வையுங்கள்: ஒன்று இங்கே, ஒன்று மேகச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பிள்ளையிடம்.

பழைய மலர்களையும் ஆண்டறிக்கைகளையும் ஸ்கேன் செய்தபின் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் தேடக்கூடிய எழுத்தாகும். ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் அச்சானவற்றில் துதிக்கை போட்ட லை, னை, ணை இருக்கும். மென்பொருள் அங்கே தடுமாறும். பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் ஓய்வு பெற்ற ஒரு கிராணி (தோட்ட எழுத்தர்) இருக்கிறார், எந்த மென்பொருளும் அவரிடம் தோற்றுப்போகும்.

க்யூஆர் குறியீடு நூலகத்தில் எதற்கு?

ஜப்பானில் 1994 இல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது. கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலியின் புண்ணியத்தில் நம் பாட்டிகளுக்கும் அதை ஸ்கேன் செய்யத் தெரியும். நூலின் பின்னட்டையில் ஒட்டி, அந்தக் கதையை ஊர்க்காரர் ஒருவர் வாசித்த குரல்பதிவுக்கு இணைத்திருக்கிறோம். செலவு, ஒட்டுத்தாள் வாங்கும் காசு மட்டும்.

நூல் பட்டியலுக்கு எந்த மென்பொருள்?

2,000 நூலுக்குக் கூகுள் விரிதாள் போதும். தலைப்பு, ஆசிரியர், அடுக்கு எண், யார் எடுத்தார், எப்போது. பெரிதாக வளர்ந்தால் கோஹா இருக்கிறது. நியூசிலாந்தின் ஒரு சிற்றூர் நூலகத்துக்காக எழுதி, 2000 இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள். ‘கோஹா’ என்றால் மவோரி மொழியில் அன்பளிப்பு.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: பட்டியலை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியல்கள் இன்று கணினியில் கிறுக்கல்களாகத் தெரிகின்றன, நானே ஒரு வருட உழைப்பை அப்படி இழந்தேன். கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். தமிழ்த் தட்டச்சுச் செயலிகளான முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். முரசு மென்பொருளை அவர் 1980களிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

எங்கள் லயத்தில் அலைவரிசையே கிடைக்காது. இதெல்லாம் எங்களுக்கு எப்படி?

நியாயமான கேள்வி. 2021 இறுதியோடு 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள், பழைய கைப்பேசி வைத்திருந்த சிலருக்கு அதோடு இணையமும் போனது. செம்பனைத் (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவே இன்னும் ஒரு கோடு, இரண்டு கோடுதான்.

கிவிக்ஸ் என்றொரு இலவசச் செயலி உண்டு. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையமே இல்லாமல் படிக்கலாம். எங்கள் இரண்டு டேப்லெட்டிலும் அது இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் இடம் இருந்தால் மெமரி கார்டோடு வாருங்கள், ஏற்றித் தருகிறோம். பட்டணத்துப் பக்கம் போகும்போது அரசின் நாடி இணைய மையத்தையும் கிராம நூலகத்தையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அவை நம் வரிப்பணத்தில் நடப்பவை.

மெய்நிகர்க் கண்ணாடி, ரோபோ எல்லாம் வாங்குவீர்களா?

இப்போதைக்கு இல்லை. அந்தப் பணத்துக்கு நூறு புத்தகம் வரும்.

பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் என்ன செய்யலாம்?

கல்வியமைச்சு 2020 இல் தொடங்கிய டெலிமா இணையக் கற்றல் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் கணக்கு இருக்கிறது. பல வீடுகளில் கடவுச்சொல் மறந்து கிடக்கிறது. தவணைத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரை அழைத்து அதை மட்டும் சரிசெய்து கொடுத்தாலே பெரிய காரியம். வள மையத்தை ஓய்வு நேரத்தில் பூட்டி வைக்காதீர்கள். அப்புறம், வகுப்புப் புலனக் குழுவில் இரவு பத்து மணிக்கு வீட்டுப்பாடம் அனுப்புவதை நிறுத்துங்கள். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கும் அம்மா அதைக் காலையில்தான் பார்க்கிறார், பிள்ளை பள்ளியில் திட்டு வாங்குகிறது.

மோசடிச் செய்திகளைப் பற்றியும் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுங்கள். பணம் போய்விட்டால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியவில்லை.

படிப்பகம் எப்போது திறந்திருக்கும்? வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

செவ்வாய், வியாழன் மாலை ஐந்து முதல் எட்டு வரை. ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. உறுப்பினர் கட்டணம் இல்லை. ஞாயிறு காலை ஸ்கேனர் மேசை திறந்திருக்கும், கிராணி ஐயாவும் இருப்பார். ஆல்பத்தை அப்படியே கொண்டுவாருங்கள், படத்தை உரிக்க வேண்டாம். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் வீட்டில் யாராவது இருந்தால் அவரையும் கையோடு அழைத்து வாருங்கள். படி ஏறச் சிரமமானவருக்குப் பின்பக்கம் சரிவுப் பலகை போட்டிருக்கிறோம்.